சித்திரைக்கு மூன்று வரி: குறுங்கவிதையில் வசந்தத்தை வரவேற்பது எப்படி?

வசந்தத்தைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள் என்று திருகோணமலைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் செர்ரிப் பூ எழுதுவார்கள். மீதிப் பேர் பனியை உருக வைப்பார்கள். உப்புவெளியில் பிறந்து, பனியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வசந்தம் என்றதும் கண்ணுக்கு முன்னால் வருகிற படங்கள் எல்லாம் வேறு நாட்டுப் படங்களாக இருக்கின்றன.

அப்படியென்றால் நமக்கு வசந்தமே இல்லையா? இருக்கிறது. அதற்கு இளவேனில் என்று பெயர் வைத்து, சித்திரை, வைகாசி என்று இரண்டு மாதத்தையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளில் அது ஐந்தாவது. பின்பனிக்கும் கொளுத்தும் முதுவேனிலுக்கும் நடுவே வருகிற இடைவெளி.

திருகோணமலையில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். இங்கே மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும் கொட்டும். வாடைக் காற்றில் வெளிக்கடல் புரளும். மாசி, பங்குனியில் கடல் மெல்ல அடங்கும். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கத் தொடங்குவார்கள், கரையோரத்து மீனவர் குடில்களான வாடிகளில் ஆள் நடமாட்டம் திரும்பும். தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும். வேம்பு பூக்கும். குயில் விடியுமுன்னே கூவி ஆளை எழுப்பிவிடும். அப்புறம் வருடப் பிறப்பு: தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீர், பெரியவர்கள் கையில் தருகிற கைவிசேஷக் காசு, புதுச்சட்டை. வைகாசி நடுவில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று சுடச்சுட வீசத் தொடங்கினால் வசந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் குறுங்கவிதைக்கான சரக்குத்தான். குறுங்கவிதை வசந்தத்தை வரவேற்கிற முறை ஒன்றே ஒன்றுதான்: வசந்தம் வந்துவிட்டதற்கு ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டு விலகிவிடுவது. வசந்தம் அழகானது, இனியது என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. ஆகவே எந்த அடையாளத்தைக் காட்டுகிறோம் என்பதில்தான் கவிதையே இருக்கிறது.

ஜப்பானியர் இதை ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், ஹைக்கு என்ற அவர்களுடைய மூன்று வரிக் கவிதை பாதி புரிந்துவிடும். பழைய ஜப்பானில் கவிஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பகுதியாகத் தொடர்கவிதை பாடுவார்கள். ஒருவர் மூன்று வரி சொல்ல, அடுத்தவர் இரண்டு வரியால் அதைத் தொடுக்க, மூன்றாமவர் மறுபடி மூன்று வரி சொல்ல என்று அது நீளும். முதல் மூன்று வரிக்கு மட்டும் ஒரு தனிக் கடமை உண்டு. கூட்டம் எந்தப் பருவத்தில் நடக்கிறது என்பதை அது சொல்லியாக வேண்டும். கூட்டத்தைத் தொடங்கி வைக்கிற வாழ்த்து வரி அல்லவா! இந்த முதற்பகுதிக்கு ஹொக்கு என்று பெயர். கவிஞர் பாஷோவின் (1644–1694) காலத்திலேயே அது தனியாகவும் நிற்கத் தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசவோக்கா ஷிக்கி (1867–1902) அதைத் தொடர்கவிதையிலிருந்து முழுதாகப் பிரித்து ஹைக்கு என்ற பெயரை நிலைநிறுத்தினார். பெயர் மாறினாலும் பழைய கடமை கூடவே வந்தது. பருவத்தைக் காட்டும் அந்தச் சொல்லை அவர்கள் கிகோ என்கிறார்கள். நாம் பருவச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று பட்டியலிட்ட கையேடுகளே ஜப்பானில் உண்டு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், இவற்றோடு புத்தாண்டுக்குத் தனியாக ஒரு பகுதி. பட்டியலைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். அங்கே தவளை வசந்தத்தின் பருவச்சொல்! நம்மூரில் தவளை கத்தினால் ஐப்பசி மாரி வந்துவிட்டது, கூரையில் ஓடு விலகியிருக்கிறதா பார் என்று பொருள். நிலா என்று சும்மா சொன்னால் அங்கே இலையுதிர்காலம். நமக்கோ நிலா எல்லா மாதமும் நிலாதான். ஆக, பட்டியலை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முறையையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. ஐங்குறுநூற்றை எடுத்துப் பாருங்கள். மூன்றடி முதல் ஆறடி வரையான குறும்பாடல்கள் ஐந்நூறு. அதில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற் பத்து’ என்று ஒரு பத்து இருக்கிறது, 341 முதல் 350 வரை. வசந்தத்தின் வருகையைப் பற்றியே பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் மூன்றே அடி. எல்லாப் பாட்டும் ஒரே அடியில் தொடங்குகிறது:

அவரோ வாரார் தான்வந் தன்றே

அவர் வரவில்லை, ஆனால் அது வந்துவிட்டது. அது என்றால் இளவேனில். வேனில் பிறக்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. சொன்ன பருவம் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. முதலடி பத்துப் பாட்டுக்கும் பொது என்பதால், புலவருக்கு மிஞ்சுவது இரண்டடிதான். அந்த இரண்டடியில் அவர் செய்வது பாட்டுக்கு ஓர் அடையாளம் வைப்பது. ஒன்றில் குயிற்பெடை கூவுகிறது. ஒன்றில் கோங்கின் மொட்டு உடைகிறது. குரவம், பாதிரி, புன்கு என்று மரம் மரமாகப் போய், ஒன்பதாவது பாட்டில் மாமரக் கிளைகள் தீயின் நிறத்தில் தளிர் விடுகின்றன. பத்தாவதில் வேப்பம்பூ உதிர்கிறது.

குயில், மாந்தளிர், வேப்பம்பூ. இன்றைக்குத் திருகோணமலையில் ஒரு வளவுக்குள் நின்று பார்த்தாலும் இந்த மூன்றும் கிடைக்கும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் சுடுகிற வீடுகளில், முதலடிக்கும் உரை தேவைப்படாது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். தமிழில் வேனில் பாலைத்திணைக்கு உரிய பொழுது. பாலை என்றால் பிரிவு. அதனால் நம் மரபில் வசந்தப் பாட்டு என்றால் துள்ளல் மட்டும் இல்லை, உள்ளே ஒரு குறையும் கிடக்கும். வசந்தத்தை வரவேற்கிற கவிதை சிரித்தபடியேதான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, எழுத வருவோம். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஜப்பானியரைப் போல மூன்று வரியிலும் 5-7-5 என்று எண்ண வேண்டுமா?

ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தை அல்ல. ஓர் ஓசை அளவை. டோக்கியோ என்ற பெயரை அவர்கள் டோ-ஓ-கியோ-ஓ என்று நான்காக எண்ணுவார்கள். நெடிலுக்கு இரண்டு, சொல் நடுவில் வரும் ‘ன்’ போன்ற ஒலிக்கும் தனியாக ஒன்று. நம் இலக்கணத்தில் இதற்கு மிக அருகில் வருவது மாத்திரைக் கணக்கு. அதிலும் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் என்பதால் முழுதாகப் பொருந்தாது. 1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி நமக்கு அதை அறிமுகப்படுத்தினார். பிறகு தமிழில் ஹைக்கு எழுத வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். மூன்று வரி, சுருக்கம், கடைசியில் ஒரு திறப்பு என்பதே தமிழ் ஹைக்குவின் வழக்கமாகிவிட்டது.

எண்ணுவதில் என்ன ஆபத்து என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மெய்யெழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணினால் இது சரியாக 5-7-5:

கூட்டிய முற்றம்
திரும்பிப் பார்த்தால் மீண்டும்
வேப்பம்பூ வெள்ளை

கடைசிச் சொல் எதற்கு வந்தது? எண்ணிக்கை குறைகிறதே என்று வந்தது. வேப்பம்பூ வெள்ளை என்பது தெரியாதவர் இங்கே யார்? அதை எடுத்துவிடுங்கள்:

கூட்டிய முற்றம்
திரும்பிப் பார்த்தால் மீண்டும்
வேப்பம்பூ

கணக்கு கெட்டது, கவிதை தேறியது. தொடக்கத்தில் எண்ணிப் பழகுவது நல்லதுதான், நீட்டி முழக்குவதைத் தடுக்கும். ஆனால் எண்ணிக்கைக்காக ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் அதை எழுப்பிவிட வேண்டும்.

எண்ணிக்கையை விட முக்கியமானது வெட்டு. ஹைக்குவின் மூன்று வரிக்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒரு துண்டு முடிந்து, மூச்சு விட்டு, மற்றது தொடங்கும். ஜப்பானிய மொழியில் இந்த நிறுத்தத்தைக் காட்டவே யா, கனா, கெரி போன்ற அசைச்சொற்கள் இருக்கின்றன. தமிழில் வரியை முறிப்பதே போதும். இதைப் பாருங்கள்:

ஓய்ந்த வாடை
கரைவலைக் கயிற்றில்
குழந்தையின் கையும்

முதல் வரி காற்று. அடுத்த இரண்டும் கரை. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கவிதை சொல்லவில்லை. வாடை ஓய்ந்ததால் கடல் அடங்கியது, கடல் அடங்கியதால் வலை இழுக்கிறார்கள், காற்றுப் பயம் இல்லாததால் சின்னதையும் கரைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று வாசிப்பவர் தானே கோத்துக்கொள்வார். அந்த ‘ஆல்’, ‘ஆல்’ எல்லாவற்றையும் நாம் எழுதிவிட்டால் அவருக்கு வேலையே இல்லை.

தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெயரெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கடைசிச் சொல்வரை மறைத்து வைக்கலாம். ‘போன’, ‘வந்த’, ‘உதிர்த்த’ என்று நீட்டி, மூன்றாவது வரியில் பெயர்ச்சொல்லை இறக்குவது. தமிழ் ஹைக்குவில் பாதி இந்த அச்சில்தான் வருகிறது. வசதி என்பதாலேயே இதில் எனக்குச் சந்தேகமும் உண்டு. மூன்றாவது வரி எப்போதும் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று பழகிவிட்டால், கவிதை வார இதழ்த் துணுக்காகிவிடும். ஒரு முறை சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். மேலே உள்ள கரைவலைக் கவிதையில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இல்லாமலே அது நிற்கிறது.

பழகுகிறவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

வசந்தம் வந்தது
இயற்கை அன்னை சிரிக்கிறாள்
மனமெல்லாம் மகிழ்ச்சி

மூன்று வரியும் ஒன்றையே சொல்கின்றன. இதைக் கொழும்பிலும் எழுதலாம், கனடாவிலும் எழுதலாம். இதைத் திருத்த முயலாமல் எழுதியவரிடம் கேள்வி கேட்பதே நல்லது. வசந்தம் வந்தது உனக்கு எப்படித் தெரியும்? எங்கே நின்றாய்? எதைப் பார்த்தாய்? ‘வாடிப் பக்கம் போனேன், அங்கே மழைக்காலத்தில் யாரோ விட்டுப்போன செருப்பு கிடந்தது’ என்று பதில் வந்தால், கவிதை வந்துவிட்டது:

வாடி வாசலில்
போன மாரியின் சேற்றோடு
ஒற்றைச் செருப்பு

வசந்தம் என்ற சொல்லே இதில் இல்லை. சேறு காய்ந்திருக்கிறது என்பதில் மழை போனது தெரிகிறது. ‘போன மாரி’ என்ற இரண்டு சொல்தான் இங்கே பருவச்சொல்.

ஆகவே எழுதுமுன் உங்களுடைய பருவச்சொல் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். புத்தகத்தைப் பார்த்து வேண்டாம், ஊரைப் பார்த்து. திருகோணமலையில் இருந்தால் கரைவலை, வாடி, வேப்பம்பூ, திருக்கொன்றை, வீதியோரத்து வத்தகப்பழக் குவியல், சிறுபோகத்துக்கு உழுகிற வயல், கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் தேடுகிற நிழல், பங்குனி தொடங்கிக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகள். சிங்கள அயலவர்களுக்கும் குயில்தான் புத்தாண்டின் தூதர். முள்முருக்கின் சிவப்புப் பூவும் அவர்களுக்குப் புத்தாண்டு அடையாளம். வைகாசியில் வெசாக் கூடு தொங்கும். ஊர்விட்டு ஊர் இந்தப் பட்டியல் மாறும், மாறத்தான் வேண்டும். கந்தளாய்க்காரரின் பட்டியலில் குளம் இருக்கும், மூதூர்க்காரரின் பட்டியலில் வேறு ஏதாவது இருக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: பாலைப்பழத்தையும் கச்சான் காற்றையும் இதில் சேர்க்க ஆசை வரும். அவை முதுவேனிலுக்கு உரியவை, ஆனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைக்கு தவிர வேறு வடிவங்களும் இருக்கின்றன. சென்ரியு என்பது ஹைக்குவின் அதே அளவுதான், ஆனால் பார்வை மனிதர் மேல், கொஞ்சம் நக்கலோடு. பருவச்சொல் கட்டாயமில்லை. சித்திரை வருடப் பிறப்பில் சென்ரியுவுக்குப் பஞ்சமே வராது:

கைவிசேஷம்
எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும்
காலில் விழும் பேரன்

கோட்டை வாசலில் நின்றால் இன்னொன்று கிடைக்கும்:

சித்திரை வெயில்
சோதனை இல்லாமல் உள்ளே போகும்
புள்ளிமான்

தன்கா ஹைக்குவை விடப் பழையது. ஐந்து வரி, ஜப்பானிய அளவில் 5-7-5-7-7 என்று 31 ஓசை. மூன்று வரியில் காட்சியை வைத்து, மிச்ச இரண்டில் மனதுக்கு இடம் கொடுக்கலாம். ஹைக்குவில் அடக்கி வைத்ததைக் கொஞ்சம் அவிழ்த்துவிட விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும்:

விடியவில்லை இன்னும்
வளவுக்குள் குயில்
காதில் கைப்பேசி
பனி கொட்டும் ஊரிலிருந்து மகன் கேட்கிறான்
நம் வீட்டுக் குயிலா அம்மா?

ஓதலாந்தையாரின் முதலடியை இதற்கு மேலே எழுதிவைத்தாலும் பொருந்தும்.

நம்முடைய கையிருப்பில் வெண்பா வகைகளிலேயே சிறியது குறள் வெண்பா. முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், ஆக ஏழே சீர். ஆனால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேருகிற ஓசைக் கட்டு, தட்டாமல் கட்ட வேண்டும். மாச்சீருக்குப் பின் நிரையசையில் தொடங்கும் சீர் வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசையில் தொடங்கும் சீர் வர வேண்டும். இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். வேனிலுக்கு ஒன்று:

வாடை விடைபெற வந்தது வேனிலென்று
பாடும் குயிலே பறை

அலகிட்டுப் பாருங்கள், தளை தட்டாது: தேமா, கருவிளம், கூவிளம், கூவிளங்காய், தேமா, புளிமா, மலர். குயிலைப் பார்த்து ‘அறிவி’ என்று சொல்வதாகவும் வாசிக்கலாம், குயில்தான் இங்கே பறை என்றும் வாசிக்கலாம். ஹைக்குவுக்கும் இதற்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஹைக்கு பார்த்ததைச் சொல்லும், வெண்பா அறிவித்துவிடும். முற்றத்துக்கு ஹைக்கு, மேடைக்கு வெண்பா என்று வைத்துக்கொள்ளலாம்.

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டையும் விட்டுவிடக் கூடாது. ஒரு வரியை ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுவையோடு சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். வரி எவ்வளவு நீளம் என்பதைக் கயிறுதான் முடிவு செய்யும்.

எழுதியதை என்ன செய்வது? மார்ச் 21 உலகக் கவிதை நாள், யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. ஏப்ரல் 17ஐ ஹைக்கு நாளாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நம் வருடப் பிறப்பு. தனியாக விழா எடுக்கத் தேவையே இல்லை. வருடப் பிறப்பன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், அவர்களைக் கொண்டே பழைய தொடர்கவிதையை ஆடிவிடலாம். ஒரு கொப்பியைச் சுற்றவிடுங்கள். முதல் ஆள் மூன்று வரி, அடுத்த ஆள் இரண்டு வரி. சின்ன மாமி இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

மருத்துநீர்
தலையில் வைத்த இலையோடு
ஓடும் சின்னவன்

அடுப்படியிலிருந்து யாராவது தொடுக்கலாம்:

பால் பொங்கப் போகுதாம்
அம்மம்மாவின் குரல் மட்டும் வருகிறது

ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருங்கள்: ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்த பகுதியோடு மட்டும்தான் சேர வேண்டும், அதற்கும் முந்தியதற்குத் திரும்பிப் போகக் கூடாது. இல்லாவிட்டால் எல்லோரும் மருத்துநீரையே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஜப்பானியரின் 36 பகுதித் தொடரில் பூவுக்கு இரண்டு இடமும் நிலாவுக்கு மூன்று இடமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். நம் வீட்டு ஆட்டத்தில் வேப்பம்பூவுக்கு ஓர் இடம், கடலுக்கு ஓர் இடம் என்று வைத்தால் போதும். பத்துப் பன்னிரண்டு பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்குள் தேங்காய் அடிக்கிற விளையாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தனியாக இருப்பவர்கள் பழகிப் பார்க்க இதோ ஒரு மூன்று வரி:

பின்னேரக் கடல்
வலைக்குள் துள்ளும் சூடையோடு
துள்ளும் பிள்ளைகள்

அடுத்த இரண்டு வரி உங்களுடையது. மீனும் கடலும் இதிலேயே வந்துவிட்டன, ஆகவே அந்த இரண்டும் வேண்டாம். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்புங்கள்.